கொக்கு உறங்கத் தடை

இசக்கிராஜாவுக்குக் கிடைத்த உத்தியோகம், ஓர் எந்திரத்தைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்வது.

மெக்கானிக்கல் படித்தவன். நான்கு வருடமும் கடைசி பெஞ்சில் தூங்கியே தேறியவன் என்பதால், தூக்கம் சம்பந்தமான வேலைக்கு அவனை எடுத்ததில் யாருக்கும் வியப்பில்லை. உத்தரவில் 'விழிப்பு உதவியாளர், ஒப்பந்தம்' என்று போட்டிருந்தது. ஒழுங்காக இருந்தால் நிரந்தரம் ஆக்குவார்கள்.

அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "வாட்ச்மேன்தானேல?" என்றாள்.

"இல்லம்மா. வாட்ச்மேன் திருடன் வாரானான்னு பாப்பான். நான் தூக்கம் வருதான்னு பாக்கணும்."

"யாருக்கு?"

"ஒரு பொக்லைனுக்கு."

அம்மா உத்தரவை மடித்துச் சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். அரசாங்கம் என்றால் ஆயிரம் வேலை இருக்கும்.

சங்குமுனைத் துறைமுகத்தில் சுங்கக் கிடங்குக்குப் பின்னால் ஒரு காலி மைதானம். ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் கடல். நடுவே வெயில் அலையலையாக எழும்பிக்கொண்டிருக்கும். எதைப் பார்த்தாலும் தண்ணீருக்குள் இருப்பது போலத்தான் தெரியும். அந்த ஆட்டத்துக்கு நடுவில் அது நின்றது. சாயம் போன மஞ்சள் உடம்பு, தென்னை உயரத்துக்கு ஒற்றைக் கை. தலையைச் சாய்த்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்து, கிடங்கு ஆட்கள் அதற்குக் கொக்கு என்று பேர் வைத்திருந்தார்கள். உண்மையான கொக்குகள் அதன் கையில் வரிசையாக உட்கார்ந்து தூங்கின. அவற்றுக்குத் தடை ஏதும் இல்லை.

"எந்திரம் எப்படி சார் தூங்கும்?" என்று முதல் நாளே கேட்டான்.

சூப்பரிண்டென்ட் திருமலைக்கொழுந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விளக்கம் சொல்வதில் அவருக்குப் பிரியம் உண்டு.

"நீ பகல்ல கிரிக்கெட் ஆடுத. அவுட் ஆயிடுத. ராத்திரி படுத்ததும் அந்தப் பந்தையே திரும்பத் திரும்ப ஆடிப் பாக்கியா இல்லையா?"

"பாப்பேன் சார்."

"அதேதான். இது பகல் பூரா கடலுக்குள்ள கல் அடுக்கும். வேலை முடிஞ்சதும் அன்னைக்கு அடிச்ச அலை அத்தனையையும் உள்ளுக்குள்ளயே மறுபடி ஓட்டிப் பாக்கும். எந்தக் கல்லு உருண்டுச்சு, ஏன் உருண்டுச்சுன்னு. மறுநாள் கொஞ்சம் கெட்டிக்காரனா முழிக்கும். நாம கனவுன்னு சொல்லுதோம். கோர்ட் ஆர்டர்ல அதோட பேரே ஒன்றரைப் பக்கம்."

"நல்ல விஷயந்தானே சார்."

"நல்ல விஷயந்தான். அதனாலதான் பேட்டன்ட் வாங்கியிருக்கான்."

விஷயம் இதுதான். எங்கோ குளிர்நாட்டில் ஒருவர் எந்திரக் கம்பெனி வைத்திருந்தார். எந்திரத்துக்குக் கனவு காணக் கற்றுக்கொடுத்தது அவர் கம்பெனி. அவருடைய மருமகன் கோபித்துக்கொண்டு வெளியேறி எதிரிலேயே ஒரு கம்பெனி திறந்தார். அவர் எந்திரங்களும் கனவு காணத் தொடங்கின. மாமனார் வழக்குப் போட்டார். வழக்கு நாடு நாடாகப் போய், கடைசியில் வர்த்தக நீதிமன்றம் ஓர் ஆணை போட்டது: மருமகன் கம்பெனி எந்திரம் எந்த நாட்டுத் துறைமுகத்தில் இறங்கினாலும் இறங்கட்டும், மனிதக் கை படாமல் தானாகக் கனவு காணக் கூடாது. இரும்பு உள்ளே வரலாம், டீசல் வரலாம், கனவு வரக் கூடாது. மகள் யார் பக்கம் என்று ஆணையில் இல்லை.

"ஆய்வுக்கு மாமனார் கம்பெனி வக்கீல் வருவாரு. அதுவரைக்கும் ஒரு தடவகூட கனவு காணலன்னா ரிலீஸ். ஒரே ஒரு தடவ கண்டாலும் வந்த கப்பல்லயே ரிட்டர்ன்."

"அந்தக் கனவை மட்டும் அழிச்சிட்டா?"

"அழிக்கணும்னா உள்ள எங்க இருக்குன்னு தேடணும். தேடுறதே பேட்டன்ட் மீறல்."

ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே முத்திரை வைத்த ஒரு பெட்டி. அதில் ஒரு விளக்கு. எந்திரம் வேலை செய்தாலோ, லீவரில் ஆள் கை இருந்தாலோ பச்சை. சும்மா நின்று கண்ணைச் செருகினால் மஞ்சள். கனவு தொடங்கினால் சிவப்பு. சிவப்பு வந்துவிட்டால் பிறகு மாறாது. கடிகாரத்துக்கும் முத்திரை வைத்துவிட்டதால் கொக்கு இன்னமும் பழைய ஊர் நேரத்திலேயே வாழ்ந்தது. அதன் இரவு இங்கே காலை டீ வரும்போது தொடங்கி, விளக்கேற்றும் நேரத்தில் முடியும். அந்த இரவு முழுக்க இசக்கி அதன் பக்கத்தில் இருக்க வேண்டும், கொளுத்தும் வெயிலில்.

கொக்கை விலைக்கு வாங்கியவள் ஜெனோவா. சேலையை இழுத்துச் செருகி, தலையில் ஹெல்மெட்டோடு பைக்கில் வந்து இறங்குவாள். கரையோரத்தில் படகுத்தளம் கட்டும் கான்ட்ராக்டர். சொந்த ஊர் ஒத்தத்தாழை.

"நீதான் தூங்கவிடாத ஆளா?" என்றாள் முதல் சந்திப்பில்.

"ஆமாக்கா."

"மூஞ்சியப் பாத்தா நீயே அரைத்தூக்கத்துல இருக்க மாதிரி இருக்கு."

"அது பிறவி முகம்க்கா."

அவள் சிரிக்காமல் கொக்கின் சக்கரப் பட்டையைத் தட்டிப் பார்த்தாள். "எங்க ஊர்ல நான் பொறந்தது மூணாவது வரிசை வீட்டுல இல்ல தம்பி. முதல் வரிசை. கடல் முதல் வரிசைய எடுத்துச்சு, ரெண்டாவதுக்குப் போனோம். அதையும் எடுத்துச்சு. இப்ப மூணாவது வரிசைதான் முதல் வரிசை. அதுக்குப் பின்னால ஸ்கூலும் கோயிலும்தான் இருக்கு. ஐப்பசி மழைக்கு முன்னால தூண்டில் வளைவு போட்டாவணும்."

தூண்டில் வளைவு என்றால் கரையிலிருந்து கடலுக்குள் நீண்டு, முனையில் தூண்டில்முள் போல வளையும் கல்சுவர். ஒத்தத்தாழையில் ஏற்கெனவே இரண்டு முறை போட்டிருக்கிறார்கள். அடியில் சேறு. கல்லை இறக்கினால் புதையும், புதையாதது உருளும். இரண்டையும் கடல் வாங்கிக்கொண்டது, ரசீது தரவில்லை.

"சேத்துக் கடல்ல கல் நிறுத்தத் தெரிஞ்ச எந்திரம் இது ஒண்ணுதான். பத்து வருசமா அந்தக் குளிருக்குள்ள நின்னு கத்துக்கிட்டது. எனக்கு இது வேணும். அதனால நீ இதத் தூங்க விட்டுறாத."

வேலைக்குச் சேர்ந்ததில் இருந்து, ஒரு ஆள் தன்னிடம் உண்மையாகவே ஒரு வேலையை எதிர்பார்ப்பது அவனுக்கு அதுதான் முதல் தடவை. கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

எந்திரத்தை விழித்திருக்க வைப்பதற்கு எந்தக் கையேடும் இல்லை. ஆனால் ஆட்களை விழித்திருக்க வைப்பதில் இந்த நாட்டுக்கு அனுபவம் போதாது என்று யாரும் சொல்ல முடியாது. "சிவராத்திரிக்கு என்ன செய்வோம்?" என்றார் திருமலைக்கொழுந்து. அதையே செய்தார்கள். முதலில் சினிமா. இசக்கி தன் போனைக் கொக்கின் கேமராவுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டாவது பாட்டுக்கு மஞ்சள் வந்துவிட்டது. அடுத்து பஜனை. கிடங்கு ஆட்கள் நாலு பேர் ஜால்ராவோடு வந்து பாடினார்கள், அவர்கள்தான் தூங்கிப்போனார்கள். கடைசியில் ஜெனோவாதான் பல்லாங்குழியைச் சொன்னாள்.

மைதானத்தில் வரிசைக்கு ஏழாக இரண்டு வரிசைக் குழி. புளியங்கொட்டைக்குப் பதில் ஆட்டுக்குட்டி அளவு பாறைகள். கொக்கு தன் முறைக்குத் தானே அள்ளிக் குழி குழியாகப் போட்டுக்கொண்டு போகும். ஜெனோவா முறை வரும்போது அவள் கை காட்டுவாள், அதுவே எடுத்துப் போடும். அது எந்திரத்தைப் பயன்படுத்தியதாகாதா என்று மேலிடத்தில் கேட்டார்கள். 'விளையாட்டு, பயன்பாடு ஆகாது' என்று திருமலைக்கொழுந்து எழுதி அனுப்பினார். அவர் பணிக்காலத்தில் எழுதியதிலேயே அழகான வரி அது.

ஆடும்போது ஜெனோவா பேசிக்கொண்டே இருப்பாள். குழிகளுக்கு வீட்டுப் பேர் வைத்துவிட்டாள்.

"இந்தக் குழி வியாகுலம் மச்சான் வீடு. குடிச்சா பாடுவாரு, குடிக்கலன்னா அழுவாரு. அதுக்கு முந்துனது கிளீட்டஸ் வீடு. ஐஸ் பொட்டி செய்வான். ஏ கொக்கே, அங்க போடாத, அது சந்து. அந்த வழியாத்தான் தண்ணி எடுக்கப் போவோம்."

கொக்கு கல்லைத் தூக்கிய கையை நிறுத்தி, சந்தைத் தாண்டிப் போட்டது.

அவள் பேசினால் விளக்கு பச்சையாகவே எரிந்தது. இசக்கி பேசினால் லேசாக மஞ்சளடிக்கும். திருமலைக்கொழுந்து ஒருநாள் வந்து வழக்கின் பின்னணியை விளக்கினார். விளக்கு அவசரமாகச் சிவப்பை நோக்கிப் போனதைப் பார்த்து அவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போக வேண்டியதாயிற்று. அதன்பிறகு ஜெனோவா கதை சொல்வதும், இசக்கி கேன்டீனுக்குப் போய் டீ வாங்கி வருவதும் என்று வேலை பிரிந்தது. அவன் டீயோடு திரும்பும்போது, வெயில் ஆட்டத்துக்குள் தூரத்தில் அவர்கள் இருவரும் தெரிவார்கள். ஹெல்மெட் போட்ட ஒரு பெண் தலை நிமிர்ந்து பேசிக்கொண்டிருப்பாள். பிரம்மாண்டமான ஒரு கை அவளை நோக்கிக் குனிந்து கேட்டுக்கொண்டிருக்கும்.

ஆனால் எத்தனை நாளைக்குத் தூங்காமல் இருக்க முடியும்?

முதலில் கொக்குக்குக் கை நடுங்கத் தொடங்கியது. பிறகு இல்லாத அலைக்குப் பயந்து பின்வாங்கியது. ஒருநாள் மேகத்தின் நிழல் மைதானத்தில் ஊர்ந்து வந்தபோது, கையைத் தூக்கி முகத்தை மறைப்பது போலப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றது. ஆட்டத்தில் ஒரு பாறை நழுவி ஜெனோவாவுக்குப் பக்கத்தில் விழுந்தது. அவள் நகரவில்லை. பாறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று கடலில் ஓதம் ஏறும்போது, மைதானத்தின் ஓரத்தில் கடல் வந்து போகும் இடத்தில் பத்துக் கல்லை அடுக்கச் சொல்லிப் பார்த்தாள். கொக்கு அடுக்கியது. முழங்கால் உயர அலை ஒன்று வந்தது. கற்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்துவிட்டன.

"மறந்துட்டு," என்றாள் ஜெனோவா. "தூங்கலன்னா கத்துக்கிட்டதெல்லாம் கரைஞ்சு போவும்னு வாங்கும்போதே கம்பெனிக்காரங்க சொன்னாவ. நான்தான் ரிலீஸ் ஆனாப் போதும்னு இருந்துட்டேன்."

"ஒரு தடவ தூங்க விட்டுருவோமாக்கா?"

"சிவப்பு வந்தா கப்பல் ஏத்திருவான்."

"தூங்கலன்னா?"

"என் கையில குடுப்பான். இத வச்சு நான் என்ன செய்ய? பல்லாங்குழி ஆடவா?"

மறுநாள் அவள் வரவில்லை. ஒத்தத்தாழையில் கடல் மூன்றாவது வரிசையின் வாசற்படியைத் தொட்டுவிட்டது என்று சொன்னார்கள். பேசுவதற்கு ஆள் இல்லை. விளக்கு மஞ்சளடித்தது. இசக்கி ஓடிப்போய் இருக்கையில் ஏறி இரண்டு லீவர்களிலும் கையை வைத்தான். பச்சை வந்தது. கையை எடுத்தால் மஞ்சள். வைத்தால் பச்சை. சரி, இப்படியே உட்கார்ந்திருப்போம் என்று நினைத்தான். வாரக்கணக்கில் அவனுக்கும் இரவில் தூக்கம் இல்லை. தூங்காத ஒன்றோடு பகலெல்லாம் இருந்தால் அது ஒட்டிக்கொள்ளும் போல. இருக்கை, பத்து வருடம் யாரோ ஒருவன் உட்கார்ந்து குழிந்த இருக்கை. சரியாக அவன் அளவுக்கு இருந்தது. உப்பளத்துப் பக்கமிருந்து காற்று வந்தது.

கடல் வந்தது. அது பச்சையாக, வெதுவெதுப்பாக, சத்தமே இல்லாமல் இருந்தது. அதன் அடியில் ஒரு தெரு. அவன் கை மிக நீளமாக இருந்தது. எந்தக் கல்லும் கனக்கவில்லை. கிளீட்டஸ் வீட்டுச் சுவரை நிறுத்தினான். வியாகுலம் வீட்டுச் சுவரை நிறுத்தினான். உள்ளேயிருந்து யாரோ பாடினார்கள். அலை வந்து ஒவ்வொரு சுவராகத் தட்டிப் பார்த்துவிட்டு, இருக்கட்டும் என்பது போலத் திரும்பியது. சந்தை விட்டுத் தாண்டினான். அதற்கடுத்த வீட்டு வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தது. நீலப் பட்டை வைத்த, சின்ன அளவுச் செருப்பு. கை அங்கே வந்ததும் தானாக நின்றது. கல்லை இறக்காமல் சுற்றிக்கொண்டு போனது. அவனுக்கு அழுகை வந்தது, ஏன் என்று தெரியாமல்.

விழித்தபோது விளக்கேற்றும் நேரம். அவன் கைகள் லீவரிலேயே இருந்தன, தூங்கும் நாயின் கால் போல மெல்ல அசைந்துகொண்டு. பெட்டியை எட்டிப் பார்த்தான். பச்சை.

கொக்கு நிமிர்ந்தது. ஓரத்தில் சரிந்து கிடந்த பத்துக் கற்களையும் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தது. அலை வந்தது. கல் அப்படியே நின்றது.

ஜெனோவாவுக்குப் போன் போட்டான். "அக்கா, லீவர்ல கைய வச்சுக்கிட்டே தூங்கிட்டேன். இப்ப அது அடுக்குன கல்லு அலையில நிக்குது."

அந்தப் பக்கம் கடல் இரைந்தது. "பச்சைதானா?"

"பச்சைதான்."

"அப்ப அதையே வேலையாச் செய்."

செய்தான். அம்மா கொடுத்துவிட்ட தலையணையோடு தினமும் போனான்.

வக்கீல் கிருபாகரன் சென்னையிலிருந்து வந்தார். சின்ன வயது, கறுப்புக் கோட்டு, வியர்வை. பெட்டியின் முத்திரையை உடைத்து, உள்ளே பதிவானதைத் தன் மடிக்கணினியில் போட்டுப் பார்த்தார். திருமலைக்கொழுந்து அறையில் விசாரணை. ஜெனோவா சுவரோரமாக நின்றாள், ஹெல்மெட்டைக் கழற்றாமல். வெளியே புரட்டாசி வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

"சிவப்பு ஒரு தடவகூட இல்ல. பாராட்டணும்," என்றார் வக்கீல். "ஆனா கடைசி நாட்கள்ல ஒரு விஷயம் புரியல. தினமும் மணிக்கணக்கா லீவர் லேசா அசைஞ்சிருக்கு. ஒரு கல்லுகூட நகரல. அந்த நேரத்துல உள்ள பூரா வேலை நடந்திருக்கு. இது கனவு. எந்திரம் கனவு கண்டிருக்கு."

"லீவர்ல என் கை இருந்துச்சு சார்," என்றான் இசக்கி.

"என்ன செஞ்சீங்க?"

"கல் அடுக்கினேன்."

"எங்க?"

இசக்கி திருமலைக்கொழுந்தைப் பார்த்தான். அவர் மேசைமேல் இருந்த நிரந்தரப் பணிக்கான கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. ஜெனோவா யாரையும் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாள்.

"கனவுல சார். நான் தூங்கிட்டேன். கனவு கண்டது நான்."

அரசு அலுவலகத்தில் ஒருவர் தான் தூங்கியதாகத் தானே ஒப்புக்கொண்டது அதுவே முதல் தடவையாக இருக்க வேண்டும். எந்த விதியின்கீழ் சேர்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

"பணி நேரத்துல," என்றார் வக்கீல்.

"பணி நேரத்துல. தினமும்."

"அது உங்க கனவுதான்னு உறுதியாச் சொல்வீங்களா?"

"என் கனவு எனக்குத் தெரியாதா சார்?"

கிருபாகரன் ஆணையை எடுத்து, கனவின் பேர் இருந்த ஒன்றரைப் பக்கத்தையும் மெதுவாகப் படித்தார். மனிதக் கை படாமல், தானாக. மனிதனின் கனவைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. மாமனாருக்கு அது தோன்றவில்லை போல. மடிக்கணினியை மூடினார்.

"எந்திரத்தை விடலாம். ஆனா சார், இவரை..."

"ஆமா," என்றார் திருமலைக்கொழுந்து, மிகுந்த வருத்தத்தோடு. "தூக்கத்துக்கு இங்க இடமே கிடையாது." இடுப்புக்குப் பின்னால் இருந்த குட்டித் தலையணையைச் சரிசெய்துகொண்டு, நிரந்தரப் பணிக் கோப்பை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார்.

வெளியே ஜெனோவா பைக்கை உதைத்தாள். "ஏறு. எங்கிட்ட வேலை இருக்கு."

"என்ன வேலைக்கா?"

"தூங்குற வேலை."

ஒத்தத்தாழையில் மழை தொடங்குவதற்குள் சுவர் கடலுக்குள் பாதி தூரம் போய்விட்டது. அதிகாலையில் கொக்கு கல் அடுக்கும். டீ நேரம் வந்ததும் இசக்கி தலையணையோடு ஏறிப் படுப்பான். ஊர்க்காரர்கள் அவனுக்கு மீன்குழம்பு கொடுத்தனுப்பினார்கள், நன்றாகத் தூக்கம் வரும் என்று.

தூண்டிலின் முள் வளைய வேண்டிய இடத்தில்தான் தகராறு வந்தது. வரைபடத்தில் போட்ட இடத்துக்கு வெகு முன்னாலேயே கொக்கு வளைந்துவிட்டது. கரைக்கு இணையாக, ஏறுமாறாக அடுக்கிக்கொண்டே போனது. நடுவில் இரண்டு இடங்களில் மட்டும் ஆளகலத்துக்குக் கல்லே வைக்காமல் விட்டிருந்தது. பொதுப்பணித்துறை என்ஜினீயர் வந்து கத்தினார். பிறகு முதல் புயல்மழை வந்தது. ஏறி வந்த தண்ணீர் அந்த இடைவெளிகள் வழியாக வடிந்து போயிற்று. ஒரு கல்லும் உருளவில்லை. மூன்றாவது வரிசை நின்றது. என்ஜினீயர் வரைபடத்தைத் திருத்திக்கொண்டார்.

மழை வெறித்த ஒரு காலையில் ஜெனோவாவும் இசக்கியும் சுவர்மேல் நடந்து போனார்கள். கடல் பச்சையாக, சத்தமில்லாமல் இருந்தது. எங்கோ பார்த்த பச்சை. வளைவு தொடங்கும் இடத்தில் அவள் நடையைக் குறைத்தாள். குனிந்து கற்களைத் தொட்டுக்கொண்டே போனாள்.

"இது கிளீட்டஸ் வீட்டுச் சுவர் நின்ன இடம்," என்றாள். "இது வியாகுலம் மச்சான் வீடு. இந்தா, சந்து. தெருவ அப்படியே போட்டிருக்கு தம்பி. முதல் வரிசையப் போட்டிருக்கு."

"நீங்கதானக்கா தினமும் சொன்னீங்க. கேட்டுக்கிட்டு இருந்தேன்லா. அதான் எனக்குக் கனவுல..."

அவள் சந்தைத் தாண்டி, அடுத்த இடைவெளிக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"இது எங்க வீட்டு வாசல். கடல் வந்த அன்னைக்குச் செருப்புகூடப் போடாம ஓடினேன். நீலப் பட்டை வச்ச செருப்பு, திருவிழாவுக்கு வாங்கினது. வாசல்லயே கெடந்துச்சு. உங்கிட்ட இத நான் சொன்னதே இல்லியே."

இசக்கி அந்த வெறும் வாசலைக் குனிந்து பார்த்தான். "யாருகிட்ட சொன்னீங்க?"

"யாருகிட்டயும் இல்ல. நீ டீ வாங்கப் போயிருந்த நேரத்துல ஒரு தடவ..." அவள் திரும்பிக் கரையைப் பார்த்தாள். அங்கே கொக்கு கையைத் தாழ்த்தி, தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது. அதன் கையில் கொக்குகள்.

இதற்குமேல் பேசினால் அது எங்காவது பதிவாகிவிடும் போலிருந்தது.

கரையில் டீக்காரரின் மணி கேட்டது. கொக்குக்கு இரவு தொடங்குகிறது. "போயிப் படு," என்றாள் ஜெனோவா தாழ்ந்த குரலில். "காக்க வைக்காத."

அவன் கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தான். அவள் செருப்பைக் கழற்றி, அந்த இடைவெளியின் ஓரத்தில் ஜோடியாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே இறங்கிக்கொண்டிருந்தாள்.